மூன்று ஞாயிறு நிறுத்திவைத்த நோட்டீஸ்

ஒரு வக்கீல் நோட்டீஸில் நான் கையெழுத்துப் போட்டேன். அது அன்றைக்கே தபாலில் போயிருந்தால் பந்தல்குடிப் பெண் ஒருத்தியின் வேலை போயிருக்கும். வேலை போன சேதி கேட்ட மறு பஸ்ஸில் அவளுடைய அப்பா மதுரைக்கு வந்து, பெட்டி படுக்கையோடு அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அதோடு அவள் படித்த படிப்பு வீணாகியிருக்கும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, நான் கேட்கவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். எண்பதுகளில் பன்னிரண்டு மெஷின். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரே தடதடப்பு. அந்தச் சத்தத்துக்குள்ளும் மூலையில் ஒருத்தி சுண்டுவிரலுக்குப் பதிலாக மோதிர விரலில் அடித்தால் எனக்குக் கேட்டுவிடும். கோபம் வந்தால் மட்டும் எதிரே நின்று பேசுகிறவர் சொல்வதுகூடக் கேட்காது. "இவளுக்குக் கோவத்துல சாமி சொன்னாலும் ஏறாது" என்று என் அம்மா போதகர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் மெஷின்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கம்ப்யூட்டர் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. எங்கள் பிள்ளைகள் தமிழ் டைப்ரைட்டரில் கை பழகியவர்கள். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கிடைத்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு விசை வரிசையில் இருந்தது. பழகிய கையை ஒடித்து மறுபடி பழக்குவதாவது என்று நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன். மதுரையில் ஞாயிறு தவறாமல் ஆறு மாதம் படித்த சி மொழி மட்டும்தான் கையிருப்பு.

தனியாக முடியவில்லை. இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் திருச்சுழியில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். பக்கத்துக் கிராமத்தில் மிளகாயும் பருத்தியும் விளைகிற குடும்பம். மழை பெய்த வருஷம் விவசாயி, பெய்யாத வருஷம் கிளார்க் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். எழுத்துகளைப் பிரிண்டரில் ஒழுங்காக விழ வைக்கும் பகுதி முழுவதும் அவர் எழுதியது. இன்னொருத்திதான் பந்தல்குடிக்காரி. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு டைப்பிங் படிக்க வந்தவள். பேர்ப்பட்டியலைத் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கும் பகுதியை எழுதினாள். அடுக்குவதில் எழுத்துக்கு எழுத்து எத்தனை சிக்கல் உண்டு என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் ஒரு மாதம் ஒரு குயர் நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு, நாலே நாளில் எழுதி முடித்தாள்.

என் பகுதி விசைகள். அதில் நான் ஒரு காரியம் செய்தேன். டைப்ரைட்டரில் வரி முடிய ஏழெழுத்து இருக்கும்போது ஒரு மணி அடிக்கும். அது கேட்டதும் கை தானாக உருளையை அடுத்த வரிக்கு நகர்த்தும். கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை, வரி தானாக மடங்கும். ஆனால் பதினைந்து வருஷம் அந்த மணியோடு வாழ்ந்த எனக்கு அது இல்லாமல் தமிழ் அடிப்பதே அநாசாரமாகப் பட்டது. அதனால் மணியை எழுதி வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஏழெழுத்துக்கு முன்னால் "பீப்" என்று ஒரு சத்தம். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

கிளார்க் சாரும் சளைத்தவர் இல்லை. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் திரையில் ஒரு அறிவிப்பு வரவேண்டும் அல்லவா? இவர் எழுதியது இப்படி: "பேப்பர் தீந்துருச்சு. கொஞ்சம் பொறுங்க, மாட்டிக்கிட்டு வாரேன்." எங்களுக்குள் சிரிப்பதற்காக எழுதியது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று சொல்லியே அப்படியே நின்றுவிட்டது.

எழுதியதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது சார்தான் ஒரு உரிமத்தைக் கொண்டு வந்தார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் அது இருந்தது. அச்செடுத்து, திருச்சுழி பஸ்ஸில் போக வர வாசித்து, எங்களுக்கு விளக்கினார். யாரும் எடுக்கலாம். மாற்றலாம். விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது சோர்ஸையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். சோர்ஸ் என்றால் நாங்கள் கைப்பட எழுதிய வரிகள். அது கையில் இருந்தால்தான் இன்னொருவர் திறந்து பார்த்துத் திருத்த முடியும். "கண்மாயில எவனும் தண்ணி எடுத்துக்கிறட்டும் டீச்சர். மடைய மட்டும் அடைச்சுறக் கூடாது. அம்புட்டுதான் இந்த உரிமம்" என்றார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, மூன்று பேர் பெயரையும் எழுதி, பிளாப்பியில் பதிந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கொஞ்ச நாளில் பந்தல்குடிப் பெண்ணுக்கு மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் வீட்டிலிருந்து வேலைக்கென்று வெளியூர் போன முதல் பெண் அவள். சனிக்கிழமை ஊருக்குப் போவாள், ஞாயிறு மாலை திரும்புவாள். எங்கள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் இரண்டு வழியும்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். பாளையம்பட்டிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு "பீப்". சில நொடி கழித்து இன்னொரு "பீப்". கால் நின்றுவிட்டது. வரி முடிய ஏழெழுத்து. என் மணி.

சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன். கடைக்காரர் நம்ம பிளாப்பியைத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். திரையில் வேறு பெயர், வேறு படம், ஒரு கம்பெனியின் முத்திரை. பளபளப்பான பெட்டி மேஜைமேல் கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு பிளாப்பி. சோர்ஸ் இல்லை. எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. "இந்தச் சத்தத்த நிப்பாட்ட வழி தெரிஞ்சா சொல்லுங்கம்மா, காது பொளந்துருது" என்று கடைக்காரர் அங்கலாய்த்துக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் நின்றது. திரையில் வந்தது: "பேப்பர் தீந்துருச்சு. கொஞ்சம் பொறுங்க, மாட்டிக்கிட்டு வாரேன்."

திருடன் வீட்டில் நம்ம வீட்டுச் செம்பைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. காது அடைத்துவிட்டது.

மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினேன். எங்கள் சபைக்காரர் ஒருவர் அங்கே வக்கீலாக இருந்தார். உரிமத்தையும், கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பெட்டியையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் வாசித்தார். "இத இன்னும் ரெண்டு பேர் சேந்து எழுதியிருக்காக. அவுக கையெழுத்தும் வேணுமா?" என்று நானே கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு மட்டும் எனக்கு அரை மார்க் போடலாம். "வேணும்னு இல்ல. உங்க பங்கு உங்களோடது. நீங்க ஒருத்தர் போட்டாலே விடலாம்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. அவர்கள் இருவரும் நான் சொன்னால் சரி என்பார்கள், இதற்குப் போய் எதற்கு நாலு நாள் வீணாக்குவது என்று நினைத்துக்கொண்டேன். உடனே விற்பனையை நிறுத்தவேண்டும், இதை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று சொல்லவேண்டும், தவறினால் கோர்ட்டு, என்று மூன்று பக்கம். குமாஸ்தா அடித்துக் கொடுத்தார். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஆறு அடிப்புப் பிழை. ஓரம் சரியில்லை. என் பெயரிலேயே ஒரு எழுத்து கூடுதல். இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள் பெயரில் இப்படி ஒரு காகிதம் போனால் கோர்ட்டில் என்னைத்தான் சிரிப்பார்கள். "இத நானே அடிச்சு, திங்கக்கிழம பதிவுத் தபால்ல போட்டுக்கிறேன்" என்று வாங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து அடித்து மறுபடி கையெழுத்துப் போட்டேன். எங்கள் ப்ரோக்ராமிலேயே அடித்தேன். வரிக்கு வரி மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவரை வேதப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். அன்றைக்கு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் சபைகளில் கல்யாணம் நிச்சயமானால், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு சபை முன் வாசிப்பார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சாதாரணமாக அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், பெண்கள் மணப்பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார்கள். தடை என்று யாரும் சொன்னதாக எங்கள் ஊரில் பேச்சே கிடையாது, ஒரே ஒரு தடவை தவிர. அது எனக்கு வாசித்த ஓலை.

எண்பதுகளின் நடுவில் அது. மாப்பிள்ளை பம்பாயில் வேலை. நல்ல இடம், விசாரித்தாயிற்று, ஜாக்கெட்டுகூடத் தைத்தாயிற்று. முதல் ஞாயிறு வாசித்தார்கள், ஒன்றுமில்லை. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, பாளையம்பட்டியில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு அக்கா போதகர் அறைக்குள் போனாள். அவள் தம்பியும் பம்பாயில்தான் இருந்தான். அங்கே அந்த மாப்பிள்ளைக்கு ஒரு பெண்டாட்டியும் ஒரு கைக்குழந்தையும் இருப்பதாக அவன் எழுதியிருந்தான். முதல் வாரமே அவளுக்குச் சந்தேகம். சொன்னால் பழி வருமே என்று ஒரு வாரம் புழுங்கியிருக்கிறாள். போதகர் பம்பாய் சபைக்குக் கடிதம் போட்டார். நிஜம்தான்.

கல்யாணம் நின்றது. எனக்கு அந்த மாப்பிள்ளைமேல் வந்த கோபத்தைவிட அந்த அக்காமேல் வந்த கோபம் பெரிது. நாலு வருஷம் அவள் கடைப் பக்கம் போகவில்லை. ஒருநாள் என் அம்மா சீப்பு வாங்கி வரச் சொன்னாள், மழை வேறு, பக்கத்தில் வேறு கடை இல்லை. போய் நின்றேன். அவள் சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கோவம் போச்சாத்தா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் கதி என்ன? யாரோ ஒருத்தியின் புருஷனுக்கு நான் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அவளுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அன்றைக்கு அதைச் சொன்னேன். "நான் என்னத்தச் செஞ்சேன், போதகரய்யா மூணு தடவ கேட்டாக, ரெண்டாந் தடவதான் எனக்குத் தெம்பு வந்துச்சு" என்றாள்.

கவர் மடியில் இருந்தது. நூறு தடவை கேட்ட வாசகம்தான், அன்றைக்கு ஏனோ காது திறந்துகொண்டது. மூன்று பேர் எழுதியதை வைத்து ஒருத்தி சண்டைக்குப் போகிறேன். மற்ற இருவருக்கும் இது தெரியக்கூடத் தெரியாது. என் பங்கு என்னுடையது என்பது சரி. ஆனால் நோட்டீஸ் போகும்போது என் பங்கு மட்டும் தனியாகப் போகுமா? அவர்கள் எழுதியதும் சேர்ந்துதானே கோர்ட்டு படி ஏறும்?

ஆலயத்திலிருந்து வந்ததும் எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து இருவருக்கும் சொல்லி அனுப்பினேன். மத்தியானம் மாடிக்கு வந்தார்கள். ஆலயத்தில் ஓலை வாசிக்கிற மாதிரி இந்த நோட்டீஸை மூன்று ஞாயிறு வாசிக்கப் போகிறேன், தடை இருந்தால் சொல்லலாம், மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகுதான் தபால் என்றேன். இருவருக்கும் ஓலை வாசிக்கும் பழக்கம் கிடையாது. விளக்கிச் சொன்னேன்.

"சரி டீச்சர், பொண்ணு நம்ம ப்ரோக்ராமு. மாப்பிள்ள யாரு? நோட்டீஸா?" என்றார் சார்.

"சிரிக்காதீக சார். இது உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

மூன்று பக்கத்தையும் சத்தமாக வாசித்தேன். பெட்டியைக் காட்டினேன். சார் தன்னுடைய பேப்பர் அறிவிப்பு அப்படியே வருகிறது என்று கேட்டதும் மேஜையைத் தட்டினார். "மாத்தக்கூட நேரமில்லயா அவனுகளுக்கு? விடுங்க டீச்சர், நாளைக்கே விடுங்க. எதுக்கு மூணு வாரம்?" என்றார். பந்தல்குடிக்காரி பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, போறேன்" என்று எழுந்துவிட்டாள். நான் அவளுடைய மௌனத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரே ஞாயிறோடு முடித்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டாம் ஞாயிறு மறுபடி வாசித்தேன். சார் மறுபடி சம்மதம். அவள், "எல்லாத்துக்கும் கோர்ட்டுதான் வழியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "வேற என்ன வழி? கெஞ்சச் சொல்றியா?" என்று நான் பாய்ந்தேன்.  அன்றைக்குச் சாப்பிடக் கொடுத்த பணியாரத்தை அவள் தொடவே இல்லை என்று சார் பிற்பாடு சொன்னார். நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் முந்தியே வந்து வாசலில் நின்றாள். நான் காகிதத்தை எடுக்குமுன், "எனக்குத் தடை இருக்குக்கா" என்றாள்.

அந்தப் பெட்டியை விற்ற கம்பெனியில்தான் அவள் வேலை பார்க்கிறாள். எங்கள் மூவரில் அவள் மட்டும் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்த நான், எந்தக் கம்பெனி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் என்ன தெரியும் என்று முதலாளி கேட்க, இவள் எங்கள் பிளாப்பியைக் கொடுத்திருக்கிறாள். எடுத்துக்கொள்ளலாமா என்றாராம். யாரும் எடுக்கலாம் சார், சோர்ஸோடு கொடுக்கணும், அவ்வளவுதான் என்றாளாம். வேலை கிடைத்தது. பெட்டி வெளியே வந்தபோது சோர்ஸ் இல்லை. "சோர்ஸ் வைக்கலயே சார்" என்று கேட்டதற்கு, "அடுத்த தடவ பாப்போம்" என்றாராம். புதிதாகச் சேர்ந்தவள், அதற்குமேல் கேட்கத் துணியவில்லை.

"நீயா குடுத்த?" என்று நான் கத்தினேன். கீழே நூல் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். வேறு என்னென்னவோ சொன்னேன், எழுதுகிற மாதிரி இல்லை.

அவள் அழவில்லை. "யாரு குடுத்தாகன்னு நோட்டீஸ்ல கேட்டிருக்கீகள்லக்கா. அதுக்கு அவுக எம்பேரத்தான சொல்லுவாக? அன்னைக்கே என்ன நிப்பாட்டிருவாக. கோர்ட்டு, நோட்டீஸுன்னு எங்கப்பா காதுல விழுந்தாப் போதும். மறுபடி மதுரைக்கு அனுப்ப மாட்டாக. வேலைய நான் தேடிக்கிருவேன். அவுகள மறுபடி சம்மதிக்க வைக்க எனக்குத் தெம்பில்லக்கா."

சார் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். போன வாரம்வரை நாளைக்கே விடுங்கள் என்றவர். "நான் இருவது வருசமா ஆபீசுல பாக்குறேன் டீச்சர். மேலருந்து ஒரு காயிதம் வந்துச்சுன்னா, அது மேசை மேசையா எறங்கி எறங்கி, கடைசியில உக்காந்திருக்கவன் தலையிலதான் விடியும். மொதலாளி ஒரு வக்கீலப் புடிச்சுத் தப்பிச்சுக்கிருவாரு. இது போய் விழுற எடம் இந்தப் புள்ள தலதான்" என்றார்.

இரண்டு வாரம் முன்னால் அந்தக் கவரைத் தபால் பெட்டியில் போட்டிருந்தால்?  ஒரு காலத்தில் எனக்காக ஒரு வாரம் புழுங்கியவள் ஒருத்தி. இவள் எனக்குப் பயந்து இரண்டு வாரம் புழுங்கியிருக்கிறாள். முதல் ஞாயிறே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சொல்ல விட்டேனா நான்?

"அப்ப விட்டுறலாமா? சோர்ஸக் குடுக்காமலே வித்துக்கிட்டுப் போகட்டுமா?" என்றேன். என் குரலில் கோபம் தணிந்திருந்தாலும் விட மனசில்லை. எங்கள் மூன்று பேர் கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா?

"விடச் சொல்லலக்கா. நோட்டீஸு வேண்டாம்னுதான் சொல்றேன். நான் போய்க் கேக்குறேன். வேலைக்காரியா இல்ல, எழுதுனவளா. அதுல என் பங்கும் இருக்குல்ல? வேல போச்சுன்னா, நானா கேட்டுப் போச்சுன்னு இருக்கட்டும். எனக்குத் தெரியாம ஒரு காயிதம் வந்து போக வேண்டாம்."

நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். மிரட்டல் இல்லை. இதை எழுதியவர்கள் நாங்கள் மூவர், அதில் ஒருவர் உங்களிடமே இருக்கிறார், சோர்ஸும் எங்கள் பெயரும் பெட்டிக்குள் இருந்தால் எங்களுக்கு உங்களிடம் வழக்கே இல்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம், அவள் எடுத்துக்கொண்டு போனாள். நோட்டீஸை மேஜை இழுப்பறையில் போட்டேன். வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. கையில் இருக்கும் கத்தியை எதிராளிக்கே காட்டிக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். அவர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரியாக இருக்கலாம்.

அடுத்த இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. டெலிபோன் பூத்திலிருந்து யாராவது படியேறி வந்தால் அவளுக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஜெபம் என்று முழங்காலில் நின்றால் அவள் பெயர்தான் வந்தது. கோபக்காரிக்கு ஜெபம் சுலபத்தில் வராது. அந்த இரண்டு வாரம் வந்தது.

மூன்றாவது வாரம் ஞாயிறு அவளே படியேறி வந்தாள். கையில் ஒரு பெட்டி. முதலாளி ஒருநாள் முழுக்கக் கத்தியிருக்கிறார். "சோர்ஸக் குடுத்தா ஊர்ல இருக்கவனெல்லாம் அதவச்சுப் புதுசு பண்ணிருவான்ல?" என்றாராம். "நாமளும் அப்படித்தான சார் பண்ணினோம்" என்றாளாம் இவள். அவர் சிரித்துவிட்டாராம். அதைவிட அவருக்கு ஆச்சரியம், அகரவரிசைப் பகுதியை இவள்தான் எழுதினாள் என்பது. எங்கேயோ கிடைத்த இலவசப் பிளாப்பியைக் காட்டி வேலை வாங்கியவள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறார். அவரும் கேட்கவில்லை பாருங்கள். மன்னிப்பெல்லாம் ஒன்றும் எழுதித் தரவில்லை. ஆனால் புதுப் பெட்டியில் இரண்டு பிளாப்பி இருந்தன. இரண்டாவது, சோர்ஸ். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் எங்கள் மூன்று பெயரும்.

"வேலை?" என்றேன்.

"இருக்குக்கா."

அவளைக் கட்டிக்கொண்டேன். என் மாணவிகள் யாரையும் நான் அதுவரை தொட்டுப் பேசியதுகூட இல்லை. அவள் திகைத்துப்போய் நின்றாள். நீ தடை சொன்னாயே, அதற்கு உனக்குக் கோடி புண்ணியம் என்றேன். அவள் பஸ்ஸுக்குப் போன பிறகும் எனக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. அவளுக்கு நன்றி. சாருக்கு நன்றி. பாளையம்பட்டி அக்காவுக்கு மறுபடி நன்றி. குமாஸ்தாவின் அடிப்புப் பிழைகளுக்குக்கூட நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் அந்த இரண்டாவது பிளாப்பியைப் போட்டுத் திறந்தேன். கம்பெனியில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. படம், முத்திரை, சில நிறங்கள். மற்றதெல்லாம் எங்கள் வரிகள்தான். இறங்கி இறங்கி மணி அடிக்கும் இடத்துக்கு வந்தேன். என் வரிகளுக்குமேலே நான் எழுதாத ஒரு குறிப்பு இருந்தது. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, சோர்ஸைத் திறக்கும் மனிதர்களுக்காக எழுதி வைப்பது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேச்சு:

"வாங்குனவுக எல்லாம் இந்த மணிய எடுக்கச் சொல்றாக. மொதலாளியும் ரெண்டு தடவ சொல்லிட்டாக. இது அக்கா எழுதுனது. அவுககிட்டக் கேக்காம எடுக்கக் கூடாது."

கீழே தேதி. நான் அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடையைத் தாண்டி நடந்த நாளுக்கு எட்டு மாதம் முந்தியது.

கேட்காமலே எடுக்க அவளுக்கு உரிமை இருந்தது. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமம் அதைத்தான் சொல்கிறது. முதலாளி சொல்லியும் எடுக்காமல் எட்டு மாதம் பேச்சு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். வாரம் தவறாமல் எங்கள் மாடியைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறாள்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு பூத்துக்குப் போனேன். கம்பெனிக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"அந்த மணிய எடுத்துரு" என்றேன்.

 "பாத்துட்டீகளாக்கா? கேக்கணும் கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க கோவப்படுவீகளேன்னு..." என்றாள்.

"கோவமில்ல. தாராளமா எடுத்துரு. இன்னைக்கே எடு."

"இன்னைக்கேவா?" என்றாள். "இது மொதத் தடவதானக்கா. இன்னும் ரெண்டு ஞாயிறு கேக்கணும்ல?"

கேட்டாள். இரண்டு ஞாயிறும் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடியேறி வந்து, தடை இருக்கிறதா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். இல்லை என்று இரண்டு முறையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மணி நின்றது.